எலி கடித்த ரஸ்க்

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கியது. பச்சையில் பூப் போட்ட சீலை. அதன் ஓரத்தை ஒரு கண் அளவுக்கு விலக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நான் நின்றேன். மறுபக்கத்தில் என் மருமகன் ரிஸ்வான், வெளியூரில் பிரெட் என்பார்களே, அந்தப் பாண் துண்டைக் கடித்தார்.

கடித்தார், மென்றார், இன்னும் மென்றார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடியும் மென்றார். தொண்டை முடிச்சு மேலே போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு யோசித்து யோசித்து இறங்கியது.

பக்கத்தில் இருந்த என் மகள் சிபானா கேட்டாள், "எப்பிடி?"

"நல்லம்," என்றார்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். பூனைப் படம் கீறச் சொன்னால் பூசணிக்காய் கீறிக்கொண்டு வருவான் ஒருத்தன். பாவம் என்று அதற்கும் 'நன்று' போட்டுக் கொடுப்பேன். மருமகன் சொன்ன 'நல்லம்' அந்த வகை நன்றுதான் என்று எனக்கு விளங்காதா? வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகாத மாப்பிள்ளை, நான் போட்ட பாணுக்குப் பாவம் பார்த்து மார்க்ஸ் போடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரைச்சீலையைக் கடித்திருப்பேன்.

கதவோடு கதைத்த உம்மா

"ஏன் ரீச்சர், திரையை விலக்கிக்கொண்டு போய் நேரே கேட்டிருக்கலாமே?" என்று வெளியூர் வாசகர்கள் கேட்பீர்கள். கேட்கலாம்தான். ஆனால் நான் மாமி.

எங்கள் கரையோரத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள், ஆனால் மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டாள். முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள். வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடுவாள், அவ்வளவுதான். மருமகனும் மாமியின் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார். சொன்னால் அவரை வளர்த்தவர்களுக்குத்தான் கெட்ட பெயர்.

என் உம்மா மௌத்தாகும்வரை என் கணவரோடு நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. கதவைப் பார்த்துத்தான் கதைப்பார். "கதவே, மாப்பிள்ளைக்கு இன்னம் கொஞ்சம் ஆணம் வேணுமா?" என்பார். இவரும் கதவைப் பார்த்து, "போதும் எண்டு செல்லு கதவே," என்பார். அந்தக் கதவு எங்கள் வீட்டில் பார்த்த வேலைக்கு அதற்குப் பென்சன் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்து மாமிமார் மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிச் சந்தைக்குப் போகிறார்கள். நான் இரண்டு காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள். எனக்கு வாய் இருந்தது. திரையும் இருந்தது.

பாய் கேட்டோம், மெஷின் வந்தது

இந்தப் பாண் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குச் சுனாமியாய்க் கடல் வந்த காலத்துக்குப் போக வேண்டும்.

சிபானாவுக்கென்று கடற்கரையோரம் கட்டி வைத்திருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. பக்கத்து வளவில் இருந்த என் கூடப் பிறந்த மூத்தவள், என் ராத்தாவையும் கொண்டுபோனது. அதைப்பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதி அழுதுவிட்டேன். இன்றைக்கு அழமாட்டேன்.

நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நிவாரணம் கொடுக்க வந்தவர்களிடம் இவர் பாய் கேட்டார், நான் பானை கேட்டேன். எந்த நாட்டிலிருந்து யார் அனுப்பினார்களோ தெரியாது, எங்கள் பங்குக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் பாண் மெஷின். மாவையும் தண்ணீரையும் ஈஸ்ட்டையும் அதன் வாளிக்குள் போட்டு மூடினால், அதுவே பிசைந்து, அதுவே பொங்க வைத்து, அதுவே சுட்டுத் தருமாம். கரண்ட் மட்டும் இருந்தால் போதுமாம். எங்களிடம் கரண்டும் இல்லை, மாவும் இல்லை.

ராத்தா இருந்திருந்தால் சிரித்துச் சிரித்தே விழுந்திருப்பாள். நான்தான் அந்த வாளியில் அரிசி அளந்தேன்.

பிறகு வயல் பக்கமாக உள்ளே தள்ளிப் புது வீடு கட்டிக் குடிபோனபோது, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனோம். வழியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். சண்டை முடியுமா முடியாதா என்றிருந்த காலம் அது. வயர், கண்ணாடி மூடி, நேரம் காட்டும் பெட்டி எல்லாவற்றையும் பார்த்த ஆமிப் பொடியனின் முகம் வெளிறிவிட்டது. எங்களை இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னான். இவருக்குச் சிங்களம் அரைகுறை. பயத்தில் அந்த அரையும் போய்விட்டது. நடுரோட்டில் நின்று காற்றிலே மா பிசைந்து காட்டி, "பாண்! பாண்!" என்று கத்தினார். நல்ல காலம், சிங்களத்திலும் பாண் பாண்தான். பொடியன் சிரித்துவிட்டான். போகும்போது, பாண் போட்டால் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று சைகை காட்டினான்.

சம்பந்தி சொன்ன சொல்

சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னது. யாருக்கு அழுவது, யாரோடு சிரிப்பது என்று தெரியாத நாட்கள். அந்த வருசக் கடைசியில்தான் சிபானாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் மாப்பிள்ளை பேசி வந்தது. மாப்பிள்ளை அரச கந்தோர் ஒன்றில் கிளார்க். அவருடைய வாப்பாவுக்கு ஒரு பேக்கரி. விறகு போட்டு எரிக்கும் பெரிய போறணை, ஊரெல்லாம் அவர்களின் பாண்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நான் இல்லையே. கலியாணப் பேச்சில் எல்லோரும் நல்லபடியாக வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த நேரத்தில், "எங்கட ஊட்டயும் பாண் போடுற மெஷின் இரிக்கி," என்று அடித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "மெஷின் பாணா? அது பாணா கா, பஞ்சா?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் நெருப்புப் பற்றியது. இந்த மனுசியின் மகன் என் வீட்டில் என் பாணைத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்குத் துனியாவில் ஒரு ஆசையும் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

"புட்டவிச்சுக் குடுத்தா முடிஞ்சிது. பேக்கரிக்காரன்ட மகனுக்குப் பாண் குடுக்கிறது, மீன்காரனுக்கு மீன் விக்கிற மாதிரி," என்றார் இவர்.

"நீங்க வயலப் பாருங்க," என்றேன்.

பூனையும் முகர்ந்த பாண்

முதல் நாள் பாணுக்கு என்ன குறை என்று மருமகன் சொல்லமாட்டார். எனவே நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றினேன். பாண் கனத்துப்போய் வாளியை விட்டு வெளியே வர மறுத்தது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால், மாவைப் பிசைகிற சின்னத் துடுப்பு அடியில் குத்திக்கொண்டபடியே தொம் என்று விழுந்தது. சத்தம் கேட்டு இவர் முற்றத்திலிருந்து ஓடி வந்தார்.

அடுத்த தடவை சீனியைக் கூட்டினேன். அதற்கடுத்து ஈஸ்ட்டைக் கூட்டினேன். பாண் பொங்கி மெஷினின் மூடியைத் தலைப்பாகை மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு வெட்கப்பட்டவர் மாதிரி நடுவில் குழிந்து உட்கார்ந்தது. பால்மா போட்டேன், பட்டர் போட்டேன், ஏலக்காய் போட்டேன். ஒரு நாள் கருஞ்சீரகமும் போட்டேன், நபிவழிச் சுன்னத்தாகவும் இருக்கும் என்று.

ஒவ்வொரு நாளும் திரைக்குப் பின்னால் நின்று சிபானாவை ஏவுவேன். "உப்புக் காணுமா, கொறைவா எண்டு கேளு."

"உம்மா கேக்கிறா, உப்புக் காணுமாம்?"

"நல்லம் எண்டு செல்லு."

"நல்லமாம் உம்மா."

"எனக்குக் காது இரிக்கி, புள்ள!"

அவர் ஒரு துண்டு தின்பார். இரண்டாவது துண்டு கேட்கவே மாட்டார். எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கால்களால் மண்ணைத் தள்ளி அதை மூடப் பார்த்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சிபானா ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தாள். "உம்மா, மிச்சப் பாணை எல்லாம் அவர் கந்தோருக்குக் கொண்டு போறாராம். பகலைக்குத் தின்ன."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டில் கூச்சத்தில் தின்னாத பிள்ளை, கந்தோரில் வைத்து ஆசையாய்த் தின்கிறது! அன்றிலிருந்து நானே பாணைச் சீலையில் சுற்றி, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் அவர் வரும்போது கையில் ஒரு பை ரஸ்க் இருக்கும். வாப்பா மாமிக்குத் தந்துவிட்டாராம்.

நான் ரஸ்க்கைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றேன். பொறாமையில் எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. அப்படி ஒரு ருசி. மொறுமொறுவென்று, மணமாக, அடியில் லேசாக ஒரு தேங்காய்ப்பால் வாசம்.

"சிபானா! நான் தேங்காய்ப்பால் போடுற கதைய நீ சம்பந்திட்டச் செல்லினியா?"

"இல்லும்மா."

"அப்ப எப்பிடி அவங்கட ரஸ்க்ல தேங்காய்ப்பால்? என்ட கைப்பக்குவத்தக் களவெடுத்திரிக்காங்க!"

சிபானா சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

எலியும் ஆயிஷும்மாவும்

பிறகு ஒரு நாள் ரஸ்க் பையைக் கொட்டிப் பார்த்தபோது, சில துண்டுகளின் அடியில் யாரோ கடித்தெடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருந்ததைக் கண்டேன். மறுநாள் பையிலும் அதே பள்ளம், அதே இடத்தில்.

எலி!

என் சந்தோசத்தை என்னவென்று சொல்ல? சம்பந்தியின் பேக்கரியில் எலி. 'அது பாணா பஞ்சா' என்று கேட்ட மனுசியின் பேக்கரியில், தினமும் ஒழுங்காக வந்து அடிப்பக்கத்தை மட்டும் கடித்துவிட்டுப் போகிற எலி. கடிபட்ட ரஸ்க்குகளைத் தனியே ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்தேன். நல்ல சபையாகப் பார்த்துத் திறக்கலாம் என்று.

சபைக்கு முன்னால் அடுத்த வீட்டு ஆயிஷும்மா வந்தாள். ஊரில் ரேடியோ இல்லாத வீட்டுக்கும் செய்தி கொடுக்கிறவள். வேலியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ரீச்சர், செல்றன் எண்டு கோவிக்கப்படாது. உங்கட மருமகன் ஒவ்வொரு நாளும் விடியக் கந்தோருக்குப் போகாம, வாப்பாட பேக்கரிக்குள்ள நுழையிறாராம். என்ட மகன் கண்டிரிக்கான். மாமிட சாப்பாடு வகுத்துக்குக் காணல்லையோ எண்டு ஆக்கள் கதைக்காங்க."

போத்தலைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

சிரிப்புக் கதைதான், ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை மாமியின் வீட்டில் தின்னாமல் உம்மாவின் கைக்குத் திரும்பிப் போனால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் போவார், நாளைக்குத் தூங்கப் போவார், ஒரு நாள் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளுக்காகக் கட்டிய வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கல்லடுக்கி மறுபடியும் கட்டிய வீடு இது. ஒரு பாணுக்காக அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். வீம்புக்கு மெஷினைத் தூக்கிய என் கையைச் சபித்தேன்.

அடுத்த நாள் புட்டு அவிப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மெஷினுக்குள் ஏற்கெனவே மாப் போட்டு நேரம் வைத்தாயிற்று. காலையில் வழக்கம்போலப் பாணைக் கவிழ்த்தேன். வழக்கம்போல அடியில் துடுப்புக் குத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். பாணின் அடியில் ஒரு பள்ளம்.

நான் பள்ளத்தைப் பார்த்தேன். போத்தலைப் பார்த்தேன். ஒரு ரஸ்க்கை எடுத்து, அதில் எலி கடித்த இடத்துக்குள் துடுப்பை வைத்தேன். இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது.

அந்த எலி நான்தான்.

திரைக்கு வெளியே

அன்றைக்குப் பகல் முழுக்க ஒன்றும் தின்னவில்லை. பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மருமகன் வந்தார், செருப்பைக் கழற்றினார், ரஸ்க் பையை மேசையில் வைத்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கினேன். ஒரு கையில் ரஸ்க், மறு கையில் துடுப்பு.

"மருமகன்."

அவர் வெடுக்கென்று எழும்பி நின்றார். சாய்வு நாற்காலியில் கிடந்த இவரும் எழும்பிவிட்டார், எதற்கென்று தெரியாமலே. சிபானா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இது என்ட பாண்தானே?"

மருமகன் கதவைப் பார்த்தார். கதவு உதவிக்கு வரவில்லை. "ஓம் மாமி," என்றார்.

"ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"மிச்சம் கிடந்தா நீங்க கவலப்படுவீங்க. தீனை வீசவும் ஏலா. அதான் வாப்பாட போறணைல காயவெச்சு ரஸ்க்காக்கி, உங்களுக்கிட்டயே கொண்டு வந்தன்."

"உங்கட உம்மாக்குத் தெரியுமா?"

"அல்லாஹ்வே! உம்மாக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். வாப்பாக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாய் தொறக்க மாட்டார்."

கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. "நீங்க பேக்கரிக்குப் போறீங்க எண்டு கேள்விப்பட்டு நான் செத்துப் பொழச்சன், மருமகன். ஊட்டத் தீன் புடிக்காம, என்ட புள்ளயையும் கூட்டிக்கொண்டு உம்மாட ஊட்ட போயிருவீங்களோ எண்டு பயந்து பெய்த்தன்."

"எங்க போற மாமி?" என்றார். "இதுதானே எங்கட ஊடு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினேன். "சரி, உண்மையச் செல்லுங்க. என்ட பாண் எப்பிடி?"

அவர் சிபானாவைப் பார்த்தார். அவள், செல்லுங்க, செல்லுங்க என்று தலையை ஆட்டினாள்.

"கல்லுக்கும் பஞ்சுக்கும் நடுவில ஒண்டு, மாமி."

இவர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பு இருமலாக மாறியது.

"மறுகா என்ன செய்யச் சொல்றீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது பாருங்கள்! இத்தனை நாளும் ஒரு சொல்லோடு நிறுத்தியவர், அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை. "ஈஸ்ட்டக் கொறைங்க, நேரத்தக் கூட்டுங்க மாமி. உங்கட மெஷின் வெரசாப் பொங்கவெச்சு வெரசாச் சுட்டுப்போடுது. மாவுக்குக் கொட்டாவி உடவும் நேரமில்ல, மறுகா எப்பிடி மணம் வரும்? மெஷின் பிசையட்டும், அதோட நிப்பாட்டுங்க. குளிரான இடத்தில ராவு முழுக்க மாவைப் பொத்தி வைங்க, விடிய மெஷின்ல சுடுங்க. ஒவ்வொரு நாளும் பிசைஞ்ச மாவில ஒரு உருண்டைய எடுத்துவெச்சு, அடுத்த நாள் மாவோட சேருங்க. எங்கட பேக்கரில அப்பிடித்தான். அந்தப் பழைய மாதான் ருசி. சீனி, ஏலக்காய் ஒண்டும் வேணா. உப்பு மட்டும் சரியா இரிக்கணும்."

"கருஞ்சீரகம்?"

"அது மருந்து மாமி."

சொன்னபடியே செய்தேன். முதல் சில நாள் அவ்வளவு எடுபடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்த உருண்டை புளிக்கப் புளிக்கப் பாணின் வாசம் மாறியது. ஒரு காலையில் மெஷினைத் திறந்ததும் எனக்கே வாயூறியது. மேல்தோல் சிவந்து, விரலால் தட்டினால் டொக் டொக் என்றது. வெட்டி மேசையில் வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போகாமல் அங்கேயே நின்றேன்.

மருமகன் கடித்தார். மென்றார். இரண்டாவது துண்டை எடுத்தார்.

"எப்பிடி மருமகன்?"

"உப்புக் காணாது, மாமி."

சிபானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்தாள். எங்கள் பரம்பரையில் எந்த மருமகனும் எந்த மாமியிடமும் சொல்லாத சொல் அது.

"காணாதா? நீங்க செல்லின அளவுதானே போட்டன்!"

"நான் செல்லினது தேக்கரண்டி. நீங்க போட்டது அந்தச் சின்ன ஐஸ்கிரீம் கரண்டி."

"கரண்டிக்குப் பேரு போட்டா செல்லினீங்க? ஒழுங்காச் செல்லத் தெரியா, மறுகா குத்தம் மட்டும் என்ட தலைல!"

"தெரியாட்டிக் கேட்டிரிக்கலாம்தானே, மாமி!"

"கேக்கிறதா? கந்தோருக்கு வந்தா கேக்கிற?"

அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. சத்தம் போட்டுக்கொண்டே அவர் மூன்றாவது துண்டுக்குப் பட்டர் பூசினார். சத்தம் போட்டுக்கொண்டே நான் நாலாவதை வெட்டிக் கொடுத்தேன். இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேலிக்கு மேலால் ஆயிஷும்மாவின் தலை எழும்பியது. "என்ன ரீச்சர், விடிய வெள்ளாப்பில ஊட்டுக்குள்ள சத்தம்? யாரோட சண்ட?"

கையில் பாண் வெட்டும் கத்தியோடு வாசலுக்கு வந்தேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"என்ட மருமகனோட கா!"